என் பெயரில் இருந்த கை

இந்த ஊரில், வயிற்றில் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவை படிக்கும் இளம் மருத்துவர்கள் பலர், என் கையைப் பார்த்துப் பழகியதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது என் கை அல்ல. என்னிடம் படித்த ஒரு பெண்ணின் கை. அதை என் பெயரில் எடுத்துக்கொண்டேன். பிறகு, அந்தக் கையைப் பார்த்து அவள் காப்பியடித்துவிட்டாள் என்று அவள்மீதே குற்றம் வந்தபோது, உண்மை தெரிந்த நான் விசாரிப்பவர்களோடு உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

முக்கியமானது இவ்வளவுதான். மீதியையும் எழுதக் காரணம் இருக்கிறது. இதைக் கேள்விப்பட்ட நண்பர்கள் நான் தப்பித்துக்கொள்ள இரண்டு கதவுகளைத் திறந்துவைத்தார்கள். வயதானவர், ஏதோ தடுமாற்றம் என்பது ஒன்று. இந்த இயந்திரங்கள் வந்ததால் வந்த வினை என்பது இன்னொன்று. நான் இரண்டு வழியாகவும் வெளியே போவதாக இல்லை. அன்று எனக்குப் புத்தி நன்றாக வேலை செய்தது. இயந்திரம் என்னைவிட நன்றாக வேலை செய்தது.

அந்த இயந்திரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கண்களை மூடும் ஒரு ஹெட்செட். இரண்டு கைப்பிடிகள். ஹெட்செட்டை மாட்டினால் ஆபரேஷன் தியேட்டருக்குள் நிற்பீர்கள். கைப்பிடியை அசைத்தால் எதிரே நோயாளியின் வயிற்றுக்குள் கருவிகள் அசையும். ஈரலைத் தூக்கினால் கனக்கும். சதையை இழுத்தால் அதுவும் திருப்பி இழுக்கும். தப்பான குழாயை வெட்டினால் பித்தம் வழியும். யாரும் சாகமாட்டார்கள். ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம்.

என் வயதுக்காரர்கள் இதை வீடியோ கேம் என்கிறார்கள். ரத்தத்தில் கை வைக்காமல் என்ன படிப்பு என்று கேட்கிறார்கள். நாங்கள் யாருடைய ரத்தத்தில் கை வைத்துப் படித்தோம் என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை. லேப்ராஸ்கோப்பி புதிதாக வந்த காலத்தில், நான் முதன்முதலாகத் தனியாகப் பித்தப்பை எடுத்தது அரசு ஆஸ்பத்திரியில், காய்கறி விற்கும் ஒரு பெண்மணிக்கு. இது எனக்கு முதல் தடவை என்று அவரிடம் நான் சொல்லவில்லை. கேட்கலாம் என்பது அவருக்கும் தெரியாது. வெட்டக்கூடாத பெரிய பித்தக்குழாயில், மெயின் டக்ட்டில், என் கருவி பட்டுவிட்டது. சில நாளில் கண்ணெல்லாம் மஞ்சளாகி அவர் திரும்பி வந்தார். இன்னொருவர் வயிற்றைப் பெரிதாகத் திறந்து சரிசெய்தார். அந்தப் பெண்மணி பிழைத்துக்கொண்டார். போகும்போது என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். மல்லேஸ்வரத்தில் என் பாட்டன் மைசூர் அரசு உத்தியோகத்தில் கட்டிய வீட்டில் எவருக்காவது பித்தப்பைக் கல் வந்திருந்தால், முதல் தடவை செய்கிறவன் கையில் படுக்கவைத்திருப்போமா? ஏழைகளின் வயிறுதான் எங்கள் பள்ளிக்கூடம். அதனால் இந்த இயந்திரத்தைத் திட்ட என்னைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள்.

நான் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைத் துறையின் தலைவனாக இருந்தேன். நகரின் அடுகோடிப் பகுதியில் ஒரு சின்ன நிறுவனம் இந்த சிமுலேட்டரைச் செய்துகொண்டிருந்தது. கீழே லேத் பட்டறை, மேல்மாடியில் இவர்கள். படிக்கிறவர்களின் அசைவை மதிப்பிட ஒரு முன்மாதிரி வேண்டும் அல்லவா? கை தேர்ந்த அறுவை நிபுணர் செய்வதைப் பதிவு செய்து இயந்திரத்தில் வைப்பார்கள். பயிற்சியின்போது அந்தக் கருவிகள் நிழல் போலக் கூடவே நகர்ந்து வழிகாட்டும். தேர்வின்போது நிழல் இருக்காது. ஆனால் நீங்கள் செய்தது அந்த முன்மாதிரிக்கு எவ்வளவு அருகில் வந்தது என்று இயந்திரம் மதிப்பெண் போடும்.

அவர்கள் நான்கைந்து பேரைப் பதிவு செய்து சராசரி எடுக்கத்தான் நினைத்தார்கள். நாலு பேர் கையைக் கலந்தால் அது கூட்டாஞ்சோறு, ஆபரேஷன் இல்லை என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். என் ஒருவன் கை போதும் என்று முடிவாயிற்று.

பதிவுக்குப் போனபோது அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்போது என் துறையில் இருந்த இளம் மருத்துவர்களில் மூத்தவள். எளிய தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் ஆஸ்டின் டவுன் பெண். அப்பா அரசு பஸ் கண்டக்டர். ஆபரேஷனில் என் எதிரே நின்று அதிகம் உதவியவள் அவள்தான்.

ஹெட்செட்டை மாட்டியதும் எனக்குத் தலை சுற்றியது. ஆனால் குறை ஹெட்செட்டில் மட்டும் இல்லை. பல வருடங்களாக என் வீண் அசைவுகளை உதவியாளர்கள் ஈடுகட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தேடும் இடத்தை நான் கேட்பதற்கு முன்பே காட்டிவிடுவார்கள். இயந்திரத்தில் உதவியாளர் கிடையாது. மூன்று தடவை செய்துவிட்டு வியர்வையோடு கழற்றினேன். முகம் கழுவிக்கொண்டு வருவதற்குள், கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று பார்க்க அந்த இளம் பொறியாளர் அவளை ஒரு தடவை செய்யச் சொல்லியிருக்கிறார். நான் திரும்பி வந்து பின்னால் நின்று பார்த்தேன்.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. பித்தப்பையைப் பிரிக்கும் டிசெக்ஷனை ஆரம்பிக்கும் முன், இடது கருவியின் நுனியால் அதன் கழுத்தை மெல்ல இரண்டு தடவை தொடுவாள். அது எந்தப் பக்கம் அசைகிறது, எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்கத்தான். பிறகுதான் வேலை. அங்கே இருந்தது நிஜமான சதை இல்லை என்று தெரிந்தும் அன்றும் இரண்டு தடவை தொட்டாள்.

அவள் கீழே டீ வாங்கப் போனாள், எனக்காக. பொறியாளர் திரையில் என் கடைசிப் பதிவையும் அவளுடையதையும் கோடுகளாகக் காட்டினார். என் கோடு, மீட்டர் ஏறட்டும் என்று ஊரைச் சுற்றிக் காட்டும் ஆட்டோ போன வழி மாதிரி இருந்தது. அவளுடையது போக வேண்டிய இடத்துக்கு நேராகப் போய்த் திரும்பியிருந்தது.

பொறியாளர் ஹாசன் பக்கத்துக்காரர், தமிழர்களோடு பழகித் தமிழ் பேசுவார். "பர்வாகில்ல சார், விடுங்க. டயர்டா இருக்கீங்க. இன்னொரு நாள் பண்ணலாம். மேடமோடது சும்மா டெஸ்டுக்குத்தான், டெலீட் பண்ணிடறேன்."

"எதுக்கு டெலீட்? இதையே வெச்சுக்கோ."

"பேரு என்ன சார் போடறது?"

"ரெகார்டிங்குக்கு யாரைக் கூப்பிட்டீங்க?" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு என் பெயரைத் தட்டினார். அவள் டீயோடு மேலே வந்தாள். வாங்கிக் குடித்தேன்.

ஒரு தவறு நடந்துவிட்டது என்று சிலர் சொல்வார்களே, அப்படி இது நடக்கவில்லை. நான் செய்தேன்.

அந்த சிமுலேட்டர் நன்றாக விற்றது. பல கல்லூரிகள் வாங்கின. விளம்பரத்தில் என் படம், கை கட்டிக்கொண்டு. எங்கள் ஆஸ்பத்திரியில் இளையவர்கள் அவளிடம், அக்கா, சாரோட கை அப்படியே உங்க கை மாதிரி இருக்கு என்று சொன்னார்களாம். சாரிடம் கற்றுக்கொண்டது, பின்னே எப்படி இருக்கும் என்று அவள் பெருமையாகச் சொன்னாளாம். இது என் காதுக்கு வந்தது. அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஆஸ்பத்திரி ஒரு விதி கொண்டுவந்தது. சிமுலேட்டர் தேர்வில் தேறிச் சான்றிதழ் வாங்கியவர்கள் மட்டுமே தனியாக லேப்ராஸ்கோப்பி செய்யலாம். நல்ல விதி, நானே ஆதரித்தேன். அவளும் தேர்வு எழுதினாள். பயிற்சி நிழலை அவள் பார்த்ததே இல்லை, அதற்கு அவளுக்குத் தேவையும் இல்லை. நேராகத் தேர்வில் உட்கார்ந்தாள். மதிப்பெண் நூறை ஒட்டி வந்தது. யாருக்கும் அப்படி வந்ததில்லை. வரவும் வராது. இன்னொருவர் கையோடு எவருடைய கையும் அவ்வளவு ஒத்துப்போகாது.

ஐந்து பேர் கொண்ட விசாரணைக் குழு உட்கார்ந்தது. ஐந்தில் ஒருவன் நான். திருட்டுத்தனமாகப் பதிவை எடுத்து வீட்டில் வைத்து அசைவுக்கு அசைவு மனப்பாடம் செய்திருக்கிறாள் என்பது சந்தேகம். அடுகோடி நிறுவனத்துக்கு அவள் போய்வந்திருக்கிறாள் என்பது ஆதாரம். அந்தப் பொறியாளர் அதற்குள் வேலை மாறி வெளிநாடு போயிருந்தார். அவரைக் கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவன் சொல்லவில்லை.

அவள் பதறவில்லை. அவளுக்கு இதில் பயப்பட ஒன்றுமே தெரியவில்லை. "சார் கையைப் பாத்துதான் கத்துக்கிட்டேன். அப்ப சார் கை மாதிரிதானே இருக்கும்? இதுல என்ன ஆச்சரியம்?" என்று கேட்டாள். அவர்கள் திரும்பத் திரும்ப அதையே கேட்டதும், என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க சார். இத்தனை வருஷமா என் கையைப் பாக்கறீங்க இல்ல?"

"கமிட்டி முடிவு பண்ணட்டும்மா" என்றேன்.

அவள் வெளியே போனபின், இந்த மாதிரி இடத்திலிருந்து வருகிறவர்களுக்கு மேலே போக ஒரு அவசரம் இருக்கத்தான் செய்யும் என்று ஒருவர் பரிவோடு சொன்னார். இந்த மாதிரி இடம் என்றால் எது என்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். நான் மறுக்கவில்லை. தலையைக்கூட ஆட்டியிருப்பேன்.

குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதினார்கள். சந்தேகம் நீங்கவில்லை என்றும் எழுதினார்கள். சான்றிதழ் நிறுத்திவைக்கப்பட்டது. அவள் வேலையை விட்டாள். அந்த விதி மெல்ல மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் பரவியதால், நகரத்திலேயே சிறந்த லேப்ராஸ்கோப்பி கை லேப்ராஸ்கோப்பி செய்ய முடியாமல் போயிற்று.

நான் ஓய்வு பெற்றேன். கௌரவப் பேராசிரியர் என்று ஒரு பட்டமும், நுழைவாயிலில் நிறுத்தாமல் உள்ளே விடும் ஓர் அட்டையும் கொடுத்தார்கள். ஒருநாள் சிமுலேட்டர் கூடத்துக்குப் போனேன். வரிசையாக இளம் மருத்துவர்கள் ஹெட்செட் மாட்டி வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் செய்வது மேலே திரைகளில் தெரிந்தது. முதல் திரையில் இடது கருவி பித்தப்பையின் கழுத்தை மெல்ல இரண்டு தடவை தொட்டது. பக்கத்துத் திரையிலும் இரண்டு தடவை. அடுத்ததிலும்.

ஏன் இப்படித் தொடுகிறீர்கள் என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன். ஹெட்செட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள். "சார், இது உங்க டச் சார்" என்றாள்.

என் வாழ்நாளில் நான் அப்படித் தொட்டதில்லை.

அன்று வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கணக்கு டீச்சராக இருந்தவள். குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "இதை எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? நான் மன்னிக்கணுமா? எனக்கா பண்ணீங்க?" என்றாள். அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லும்வரை இந்தப் பேச்சை வீட்டில் எடுக்க வேண்டாம் என்றும் சொன்னாள்.

அந்தப் பெண் ஜீவனஹள்ளியில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் வேலை செய்கிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். என் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகும் தூரம்தான். இத்தனை வருடமும் அந்தத் தூரத்தில்தான் இருந்திருக்கிறாள். கீழே மருந்துக் கடை, மேலே அவர்கள். குடலிறக்கம், குடல்வால், சீழ்க்கட்டி, எல்லாம் பழைய முறையில் திறந்து செய்யும் ஆபரேஷன்கள். நான் போனபோது வெளிநோயாளிகள் வரிசை படியில் இறங்கி வெளியே நின்றது. வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது அவள் தலை நிமிர்ந்து பார்த்தாள்.

"உக்காருங்க சார். என்ன பிரச்சனை?"

சொன்னேன். அடுகோடி, இரண்டு கோடுகள், யார் பெயர் போடுவது என்று பொறியாளர் கேட்டது, நான் சொன்னது. அவள் கையில் இருந்த பேனாவை மூடி வைத்தாள்.

"தெரியும் சார்."

இங்கே சேர்ந்த பிறகு எங்கோ ஒரு மருத்துவக் கண்காட்சியில் அந்த சிமுலேட்டரை வைத்திருந்தார்களாம். சும்மா மாட்டிப் பார்த்திருக்கிறாள், பயிற்சி நிழலோடு. "ரெண்டு தடவை தட்டுச்சு சார். என் கை எனக்குத் தெரியாதா? அங்கயே உக்காந்துட்டேன்."

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"யார்கிட்ட சார்? காப்பி அடிச்சவ இப்ப ஒரிஜினலே என்னுதுங்கறான்னு சிரிப்பாங்க. நீங்க இருந்தீங்களே அந்த ரூம்ல, நீங்களே சொல்லலியே."

வெளியே வரிசையில் ஒரு குழந்தை அழுதது. நான் ஒரு விஷயத்தை யோசித்து வைத்துக்கொண்டு வந்திருந்தேன். எனக்கே பித்தப்பையில் கல் இருக்கிறது, எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நம் பழைய ஆஸ்பத்திரியில், அதே தியேட்டரில், நீதான் லேப்ராஸ்கோப்பியில் எடுக்க வேண்டும், விதியை மீறியாவது ஏற்பாடு செய்கிறேன், என் உடம்பையே உன் கையில் கொடுக்கிறேன் என்றேன். வழி நெடுக இது எனக்குப் பெரிய காரியமாகத் தோன்றியிருந்தது.

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"உங்க பித்தப்பையை எடுத்தா எனக்கு என்ன சார் கெடைக்கும்? ஒரு பித்தப்பை கெடைக்கும்."

பிறகு சிரிப்பு நின்றது. "எனக்கு உங்க உடம்பு வேணாம் சார். நீங்க அழறதும் வேணாம். மறுபடி டெஸ்ட் எழுதுன்னு யாராவது சொன்னா எழுதவும் மாட்டேன். நான் பாஸ் பண்ணியாச்சு. திங்கக்கிழமை மீட்டிங் இன்னும் நடக்குதா?"

நடக்கிறது என்றேன்.

"அங்க சொல்லுங்க. கேஸா சொல்லுங்க. மத்தவங்களை எப்படி நிக்கவெச்சுக் கேட்டீங்களோ அப்படி நில்லுங்க." கதவைப் பார்த்து, அடுத்தவங்க வாங்க என்று கூப்பிட்டாள்.

திங்கட்கிழமைக் கூட்டம் என்பது எங்கள் தொழிலின் வழக்கம். அறுவை சிகிச்சையில் நோயாளிக்குத் தீங்கு வந்தால், செய்தவர் துறை முழுவதற்கும் முன்னால் எழுந்து நின்று சொல்ல வேண்டும். நோயாளியின் பெயர் சொல்லக் கூடாது. என்ன நடந்தது, எதைப் பார்க்கத் தவறினீர்கள், வேறு என்ன செய்திருக்கலாம். சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கிடக் கூடாது. முடிந்ததும் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். எங்கள் ஆஸ்பத்திரியில் அதை ஆரம்பித்து வைத்தவன் நான். அதில் நின்று எத்தனையோ பேர் அழுததைப் பார்த்திருக்கிறேன். நான் ஒருமுறைகூட நின்றதில்லை. என் கேஸ்களை உதவியாளர்கள் எழுந்து சொல்வார்கள். அவள்கூடச் சொல்லியிருக்கிறாள்.

முறைப்படி இயக்குநரிடம் முதலில் சொன்னேன். அவர் அன்றைய விசாரணைக் குழுவிலும் இருந்தவர். கதவைச் சாத்தினார். சிமுலேட்டர் கூடத்துக்கு என் பெயர் வைப்பதாக இருக்கிறோம், இந்த நேரத்தில் இது எதற்கு என்றார். நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது என்றார். பிறகு மிகவும் அன்பாக, இந்த வயதில் ஞாபகங்கள் கலங்குவது சகஜம், ஒரு நல்ல நரம்பியல் மருத்துவரைப் பார்க்கலாமே என்றார். என் ஞாபகமும் அந்தப் பொறியாளரின் ஞாபகமும் ஒரே மாதிரி கலங்கியிருக்க முடியாது, அவரையும் கேட்டுப் பாருங்கள் என்றேன். பொறியாளரை நான் ஏற்கெனவே தேடிப் பிடித்துப் பேசியிருந்தேன். என்றைக்காவது நீங்களே சொல்வீர்கள் என்று நினைத்துக் காத்திருந்ததாகச் சொன்னார். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் பேசத் தயார் என்றும் சொன்னார்.

கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் எனக்கு இடமில்லை என்று செய்தி வந்தது. அந்தக் கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரலே தேவையில்லை, தீங்கு செய்தவன் எழுந்து நின்றால் போதும் என்ற விதியை எழுதியவனே நான்தான். போனேன். எந்தத் திங்கட்கிழமை என்று அவளுக்குத் தகவல் அனுப்பியிருந்தேன்; அவள் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கேஸ் முடிந்ததும் எழுந்து முன்னால் போனேன். இயக்குநர் என் கையைத் தொட்டு, சார், ப்ளீஸ் என்றார். கையை விலக்கிக்கொண்டேன்.

"நோயாளி ஒரு பெண். ஆரோக்கியமானவர். அறுவை நிபுணர். காயப்படுத்தியவன் நான்" என்று ஆரம்பித்தேன்.

இதில் நோயாளியே இல்லையே, இது கேஸ் ஆகாது என்று இயக்குநர் குறுக்கிட்டார். முடியும்வரை குறுக்கிடக் கூடாது என்று நடு வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. யாருடைய குரல் என்று இன்றுவரை தெரியவில்லை. அடுகோடியிலிருந்து விசாரணை அறைவரை, அந்தப் பரிவான வாக்கியம் உட்பட, எல்லாவற்றையும் சொன்னேன். நிறுத்தாமல் சொன்னேன்.

கேள்விகள் உண்டா என்று வழக்கப்படி கேட்டேன். அவள் எழுந்தாள்.

"எப்ப சார் தெரிஞ்சது, தப்பு பண்றோம்னு? தெரிஞ்ச உடனே ஏன் நிறுத்தல?"

அந்தக் கூட்டத்தில் எல்லோரிடமும் கேட்கப்படும் கேள்வி அது. நானே எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறேன். கவனிக்கவில்லை, ரத்தம் மறைத்துவிட்டது, உடற்கூறு வேறாக இருந்தது என்று அவர்களுக்கெல்லாம் ஏதாவது பதில் இருந்தது.

"தெரிஞ்சுதான் ஆரம்பிச்சேன்" என்றேன். "உன் கை என் கையைவிட நல்லா இருந்துச்சு. அதைத் தாங்க முடியல."

அவள் உட்கார்ந்தாள். தலையசைக்கவில்லை. அடுத்த கேஸ் ஆரம்பிக்கும் முன் எழுந்து போய்விட்டாள்.

பிறகு நடந்தவை எல்லாம் மெதுவாக நடந்தன. நிறுவனம் அவளுடைய பழைய தேர்வுப் பதிவையும் முன்மாதிரியையும் சோதித்து இரண்டும் ஒரே கை என்று ஒப்புக்கொண்டது. விசாரணை முடிவு ரத்தானது. கூரியரில் சான்றிதழ் போயிற்று. மறுத்துத் திருப்பி அனுப்புவாள் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அவள் வாங்கிக்கொண்டாள். என்னுது, ஏன் திருப்பணும் என்று கேட்டாளாம். அந்த ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வரச் சொன்னார்கள், போகவில்லை. வேறோர் இடத்தில் லேப்ராஸ்கோப்பி செய்கிறாள். ஜீவனஹள்ளியையும் விடவில்லை. முன்மாதிரியிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டு, வேறு பெயரே போடாமல் விட நிறுவனம் பார்த்தது. அவள் வக்கீல் வைத்தாள். இப்போது ஹெட்செட்டை மாட்டினால் முதலில் தெரிவது அவள் பெயர். அதை நான் இங்கே எழுதவில்லை. மாட்டிப் பார்க்கிறவர்கள் படித்துக்கொள்வார்கள்.

கௌரவப் பட்டம் போயிற்று. அட்டையையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். என் பழைய சகாக்கள் சிலர் சந்தோஷமாக வந்தார்கள். சிமுலேட்டர் ஏமாற்று என்று நாங்கள் அப்போதே சொன்னோமே, அதை எதிர்த்துப் பத்திரிகைக்கு ஒன்று எழுதிக் கொடு என்றார்கள். இயந்திரம் ஏமாற்றவில்லை என்றேன். அந்த விசாரணை அறையில் உண்மை சொன்னது அது ஒன்றுதான். இது அவள் கை என்று நூறுக்குப் பக்கத்தில் எண் போட்டுச் சொல்லிற்று. ஐந்து மனிதர்களுக்குத்தான் அதை நம்ப மனமில்லை. அந்தச் சகாக்கள் இப்போது என்னோடு அதிகம் பேசுவதில்லை. பரவாயில்லை.

அவளிடம் மன்னிப்பு என்ற வார்த்தையை நான் கேட்கவில்லை. அவளும் கொடுக்கவில்லை. என்னை ஒருமுறை கூப்பிட்டதும் இல்லை.

கல் மட்டும் மிஞ்சியிருந்தது. வலி தாங்காமல், எனக்கு யாரையும் தெரியாத ஓர் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தேன். முப்பது வயதுகூட ஆகாத ஓர் இளைஞர் எடுத்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை, நானும் சொல்லவில்லை. முதல் தடவையா என்று மட்டும் கேட்டேன். "இல்லை சார், நிறைய பண்ணியிருக்கேன். அதுக்கு முன்னாடி சிமுலேட்டர்ல அதைவிட நிறைய" என்றார். சரி என்று கையெழுத்துப் போட்டேன். போகும்போது ஆபரேஷன் வீடியோவை ஒரு பென் டிரைவில் கொடுத்தார்கள்.

வீட்டில் மனைவியோடு உட்கார்ந்து பார்த்தேன். என் ஈரல், கொழுப்பு படிந்து மஞ்சளாக. அதன் கீழே வீங்கிய பித்தப்பை. இடது கருவி உள்ளே வந்தது. அதன் கழுத்தை மெல்லத் தொட்டது. மறுபடி தொட்டது. பிறகு வேலையை ஆரம்பித்தது.

நிறுத்தச் சொல்லி மனைவியிடமிருந்து ரிமோட்டை வாங்கி அந்த இடத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். என்ன என்று கேட்டாள். காட்டினேன்.

அந்தத் துண்டை மட்டும் வெட்டி, குழாயை அடைக்கக் கிளிப் போடும் இடம்வரை, அந்தப் பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கூட ஒன்றும் எழுதவில்லை. பார்த்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீலக் கோடுகள் வந்தன. பதில் இல்லை. வரும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

மறுநாள் மத்தியானம் வந்தது.

"டிசெக்‌ஷன் நல்லா இருக்கு. கீழ் கிளிப் மெயின் டக்ட்டுக்கு ரொம்ப கிட்ட போட்டிருக்காங்க. மஞ்சள் காமாலை வந்தா உடனே போய்க் காட்டுங்க."

கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, இமையை விரலால் இழுத்துப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது.